ஆறாமல் காத்திருந்த டிரையர்

போன வருடம் சித்திரை கழிந்து மழை பிடிப்பதற்கு முன்னால், நானுஓயாப் பக்கம் ஒரு தேயிலை ஃபெக்டரியில் நடந்தது இது. நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும், பிள்ளைகளே.

நான் எட்டாம் வகுப்போடு நிறுத்தியவன். இருபது வருடம் ஃபெக்டரியில் டிரையர் பார்த்தவன். அரைத்த கொழுந்தைச் சூடான காற்றில் காயவைத்துத் தேயிலையாக்கும் பெரிய மெஷின்தான் டிரையர். பிறகு அந்த வேலையை விட்டுவிட்டு, மெஷின் தகராறு செய்யும் ஃபெக்டரிகளுக்குப் போய் யோசனை சொல்லத் தொடங்கினேன். மூத்த மகள் 'ஆலோசகர்' என்று கார்டு அடித்துத் தந்தாள். போனில் நேரம் குறித்து வைக்கவும் அவள்தான் சொல்லித் தந்தாள். அதிலிருந்து எனக்கு ஒரே உற்சாகம்.

அன்று ஒரே நாளில் மூன்று வேலை! காலை ஏழுக்குக் கினிகத்தேனை, பத்தரைக்கு டிக்கோயா, மூன்றுக்கு நானுஓயா. மூன்றாவதுதான் பெரிசு. அங்கே தேயிலையில் புகை வாடை வந்துகொண்டிருந்தது. யாருக்கும் காரணம் பிடிபடவில்லை. அன்றைக்கே கண்டுபிடித்தால் வருடம் முழுக்க வேலை தருவதாகத் தோட்டத்து மேனேஜரான பெரிய தொரை சொல்லியிருந்தார். இல்லாவிட்டால் மறுநாள் வேறு ஆள் வருவார்.

டிக்கோயாவில் வேலை இழுத்துவிட்டது. ஆட்டோ பிடித்து அட்டன் ஸ்டேஷனுக்குள் ஓடினால், ரயில் புறப்பட விசில் ஊதியாகிவிட்டது. பெட்டி வாசலில் முட்டைக்கோவா மூட்டையோடு நின்ற ஒரு அம்மா கையை நீட்டினார்.

"அண்ணே, பைய இங்கிட்டு வீசுங்க!"

"ஐயோ, உள்ள கண்ணாடி சாமான் இருக்குங்க!"

"அப்ப உங்கள வீசிட்டுப் பைய ஏத்துங்க!"

பெட்டியே சிரித்தது. ஒருவழியாக ஏறிவிட்டேன்.

மூன்றுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதே ஃபெக்டரி வாசலில் நின்றேன். மகளிடம் பெருமையடிக்கலாம் என்று போனை எடுத்தபோதுதான் காதில் உறைத்தது. ஒரு சத்தமும் இல்லை. கொழுந்து அரைக்கும் ரோலர்கள் ஓடவில்லை.

விடியுமுன் தொடங்கி மத்தியானத்தோடு அரைப்பதும் காயவைப்பதும் முடிந்துவிடும். பிறகு டிரையர் ஆறிப்போகும். ஆறிய டிரையரில், அடுப்புப் புகை சூடான காற்றோடு கலக்கும் கசிவைக் கண்டுபிடிக்க முடியாது. இரும்பு சூடாகி விரிந்தால்தான் வெடிப்பு வாய் திறக்கும். இருபது வருடம் அதோடு கிடந்தவன், பஸ்ஸையும் ரயிலையும் கணக்குப் பார்த்துவிட்டு, கொழுந்தின் நேரத்தை மறந்திருந்தேன்!

உள்ளே போனால், முகத்தில் சுளீரென்று சூடு. டிரையர் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது!

தேயிலை தயாரிக்கும் பொறுப்பிலிருந்த டீமேக்கர் சிரித்துக்கொண்டே வந்தார். என்னைவிட இளையவர். போனில் நேரம் குறித்தது இவரோடுதான், அன்றுதான் முதல்முறை பார்க்கிறேன்.

"மூணு மணின்னு சொன்னதுமே சிரிப்பு வந்துருச்சுங்க. டிரையர்காரரே இப்படிச் சொல்றாரேன்னு."

"அப்பவே சொல்லியிருக்கலாமே தம்பி?"

"எங்க விட்டீங்க? 'குறிச்சிட்டேன், குறிச்சிட்டேன்'னு போனை வச்சிட்டீங்களே!"

எனக்காக ஒரு தொட்டிக் கொழுந்தை மட்டும் அரைக்காமல் நிறுத்தி, பிந்தி அரைத்திருந்தார். அது கெட்டிருந்தால் பழி அவர் தலையில்தான். விறகு போடுபவரும், டிரையரில் நிற்கும் இரண்டு அக்காமாரும் வேலை நேரம் முடிந்தும் வீட்டுக்குப் போகவில்லை.

"வாங்க ஆலோசகர் ஐயா, உங்களாலதான் இன்னும் எங்களுக்கு வேர்க்குது" என்றார் ஒரு அக்கா.

வெட்கத்தோடு டோர்ச்சை எடுத்து அடுப்புக்குப் பின்னால் நுழைந்தேன். காற்றுச் சூடாகும் குழாயின் மூட்டில், தலைமயிர் அளவு ஒரு கோடாய்ப் புகை! "இந்தா இருக்கு!" என்று கத்திவிட்டேன். நாலு பேரும் ஓடிவந்தார்கள். அக்கா கைதட்டினார். பெரிய தொரை வந்து குனிந்து பார்த்தார். அங்கேயே வேலை உறுதியானது.

இப்போது எந்த ஃபெக்டரிக்கும் நேரம் குறிக்குமுன், "நீங்க கொழுந்து எத்தனை மணிக்குங்க அரைப்பீங்க?" என்று கேட்டு, பதில் முடியும்வரை போனைக் காதிலேயே வைத்திருக்கிறேன். எங்கே போனாலும், டிரையர் சூடு முகத்தில் அடித்ததும், என்னால் யாராவது வீட்டுக்குப் போகாமல் நிற்கிறார்களா என்றுதான் என் கண் முதலில் தேடுகிறது.