மூன்று நிமிடத்துக்கு மேல் ஓட்டக் கூடாது

என் தங்கை மகளை அவள் வேலை பார்த்த லேப்டாப் கடையில் எல்லோரும் 'தெர்மாமீட்டர்' என்பார்கள். எந்த லேப்டாப்பைக் கொடுத்தாலும் முதலில் அதன் அடியில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பாள். பதினோரு வருடம் நான்கு மாதமாக அந்தக் கடையின் பின்மேசையில் பழுது பார்த்தாள். வேலையை விட்டதைத் திமிர் என்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அந்தச் செவ்வாய்க்கிழமை நான் அங்கேதான் இருந்தேன்.

கேம் ஆடுகிறவர்களுக்கென்று கடையில் இரண்டு லேப்டாப். ஒன்று ஒல்லி, ஒன்று தடி. இரண்டுக்கும் ஒரே விலை, உள்ளே இருக்கும் கிராபிக்ஸ் சிப்பின் பெயரும் ஒன்று. தடியில் அந்தச் சிப் எத்தனை மணி நேரமானாலும் 115 வாட் மின்சாரம் இழுத்து முழு வேகத்தில் ஓடும். ஒல்லியில் ஐந்தாறு நிமிடத்தில் சூடேறியதும் 60க்கு இறங்கிவிடும், படம் திக்கும். விற்காமல் தேங்கிக் கிடந்தது ஒல்லிதான். அதனால் முதலாளி ஒரு சட்டம் போட்டிருந்தார்: வாடிக்கையாளர் முன்னால் எதையும் மூன்று நிமிடத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. இவள் இரண்டு முறை மீறியிருந்தாள். இன்னொரு முறை மீறினால் வேலை கிடையாது என்று சொல்லியாயிற்று.

காலை 11.10க்கு ஒரு பஸ் டிரைவர் வந்தார். ஐம்பது வயதிருக்கும்.

"நாள் பூரா நாப்பதைத் தாண்ட விடமாட்டாங்க சார். வீட்டுக்கு வந்து கேம்லதான் முந்நூறுல போறேன். ஞாயித்துக்கிழமை ரேஸ் போட்டி. எது நல்லது?"

முதலாளி ஒல்லியைத் தட்டினார். "ரெண்டுலயும் ஒரே சிப்புதான். எதுக்கு வீணா சுமக்கணும்?"

"போட்டி எவ்வளவு நேரம்ணே?" என்று பின்மேசையிலிருந்து இவள் கேட்டாள்.

"நாப்பது நிமிஷம்மா."

எழுந்து வந்து ஒல்லியில் கேமைப் போட்டு அவரை உட்கார வைத்தாள். திரை மூலையில் நொடிக்கு 92 படம் என்று காட்டியது. மூன்று நிமிடம் ஆனதும் முதலாளி மூட வந்தார்.

"கையை எடுங்க," என்றாள்.

ஒன்பதாம் நிமிடம் எண் 48. வளைவில் கார் விக்கிச் சுவரில் மோதியது.

"அட, நான் திருப்பி முடிச்சப்புறம் திரும்புது!" டிரைவர் கத்தினார்.

"அடியில தொட்டுப் பாருங்கண்ணே. இன்ஜின் ஒண்ணுதான். மூச்சு விட இடமில்லாத பொட்டியில அடைச்சிருக்காங்க."

தடியில் இருபது நிமிடம் ஓட்டினார். எண் 91ஐ விட்டு நகரவில்லை. அதையே வாங்கிக்கொண்டு போனார்.

முதலாளி சிரித்தார். "போகட்டும், ஒண்ணு வித்துச்சு. உன்னை மன்னிச்சுட்டேன். இனிமே மூணு நிமிஷம்தான்."

அவள் முகம் சிவந்தது. "மன்னிப்பா? ஏமாந்தவன் திரும்பி வந்து என் மூஞ்சியிலதானே கத்தறான்! அந்தச் சட்டத்தை எடுப்பீங்களா, மாட்டீங்களா?"

"மாட்டேன்."

ஸ்க்ரூடிரைவர் பெட்டியை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.

"ஏய், நீ பிரிச்சுப் போட்ட ஏழு லேப்டாப்பையும் யாரு மூட்டறது?"

"நீங்களே மூட்டுங்க. மூணு நிமிஷம் போதுமே!"