பூசாரி சுற்றிய ஜெனரேட்டர்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து மழையில் நனைந்து சிக்கிக்கொண்ட ஸ்பீக்கர் ஒயரைப் போல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு ஒயர் சுற்றப் போனவன் நான். எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்பதில் இன்றைக்கும் குழப்பம்தான். பிழையைத் திருத்தித் தருவதாக மகள் சொல்லியிருக்கிறாள். எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், ஆலங்குடியில் இந்த விஷயத்தை ஆளுக்கொரு விதமாகப் பேசுகிறார்கள். பூசாரி மந்திரம் சொல்லிக் கம்ப்யூட்டரை ஓட்டினார் என்று டீக்கடையில் என் காதுபடவே சொன்னார்கள். மறுத்துப் பேசக் கூச்சமாக இருந்தது. அதனால் எழுதுகிறேன்.

எனக்கு மைக்செட் தொழில். வாய் திறக்காதவனுக்கு மைக்செட் என்று ஊரில் சிரிப்பார்கள். இத்தனை வருடத்தில் 'மைக் டெஸ்டிங்' என்று நான் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. விரலால் இரண்டு தட்டு தட்டுவேன், அதோடு சரி. போனில் ஆர்டர் பேசவும் வராது. சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்த்த மகள், வீட்டிலிருந்தே வேலை என்று ஊருக்கு வந்ததிலிருந்து அவள்தான் போனை எடுத்தாள். "எந்த ஊருங்க? எத்தன கொழாய் ஸ்பீக்கர் வேணும்? ஜெனரேட்டர் உண்டா?" என்று கணீரென்று கேட்பாள். நான் பக்கத்தில் நின்று விரலால் பதில் காட்டுவேன். தொழில் நன்றாக நடந்தது.

அவள் வேலை என்னவென்று ஒரு நாள் கேட்டேன்.

"ஒங்க மைக்செட்டு மாதிரிதான்ப்பா. ஆம்ப்ளிபயர் தனி, மிக்சர் தனி, கொழாய் தனி. எதக் கழட்டி எத மாட்டுனாலும் பாடணும்ல? எங்க சாப்ட்வேரும் அப்படித் துண்டு துண்டா இருக்கு. ஜாவாவுல எழுதுறது. ஒவ்வொரு துண்டும் ஒரு பிளக்கின். ஒண்ணு மாறுனாக்கூட எல்லாத்தையும் வரிசையா மாட்டி, பாடுதான்னு பாத்து, பண்டிலாக் கட்டி அனுப்பணும். அதான் பில்டு."

அந்த மாட்டும் வேலையைத் தினமும் கையால் செய்துகொண்டிருந்தவள், பிறகு அது தானாகவே நடக்கும்படி ஒரு கம்ப்யூட்டரில் ஏற்பாடு செய்தாள். மாலை நான்கு மணிக்கு அதுவே எழுந்து, அதுவே மாட்டி, அதுவே சோதித்து, அதுவே அனுப்பிவிடும். கரண்ட் போனால் ஜெனரேட்டர் இருக்கிறதே என்று அதை என் மைக்செட் கொட்டகையில் வைத்தாள். சீரியல் செட்டிலிருந்து மூன்று பல்பு எடுத்து அதற்கு மாட்டிக் கொடுத்தேன். வேலை நடந்தால் மஞ்சள், முடிந்தால் பச்சை, கெட்டுப்போனால் சிவப்பு.

ஒரு நாள் சிவப்பு எரிந்தது. "ரெண்டு துண்டு ஒண்ண ஒண்ணு எதிர்பாத்து நிக்குதுப்பா. அது வந்தாத்தான் இது வருமாம், இது வந்தாத்தான் அது வருமாம்" என்றாள். எனக்கு உடனே புரிந்துவிட்டது. என் மனைவியும் என் அக்காவும் பல காலமாக அப்படித்தான் நிற்கிறார்கள். யார் முதலில் பேசுவது என்பதுதான் வழக்கு. ஒரே கூடத்தில் உட்கார்ந்து இரண்டு பேரும் சுவரைப் பார்த்துப் பேசுவார்கள்.

இப்படி இருக்கும்போது கம்பெனியிலிருந்து எல்லோரும் சென்னைக்குத் திரும்பி வரவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். மகள் மன்றாடினாள். அவளுடைய மேனேஜர் ஒரு நிபந்தனை போட்டார். ஆயுத பூஜை லீவு அன்றைக்குக் கம்பெனி ஆள் யாரும் கைவைக்காமல் பில்டு தானாக ஓடிப் பண்டில் போய்ச் சேர வேண்டும். சேர்ந்தால் அவள் ஆலங்குடியிலேயே இருக்கலாம். சேராவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். இதைக் கேட்டதும், திருவரங்குளத்திலிருந்து யாரோ போன் செய்வதும் நான் அதை எடுக்காமல் பார்த்துக்கொண்டே நிற்பதும் எனக்குக் கண்முன்னால் வந்தது.

ஆயுத பூஜைக்கு அக்கா காலையிலேயே வந்துவிட்டாள். ஆம்ப்ளிபயர், குழாய், ஜெனரேட்டர் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம், மாலை. கம்ப்யூட்டருக்கும் பொட்டு வைத்தாள். காற்றுப் போகும் ஓட்டையை மறைக்காமல் மகள் மாலையை மட்டும் நகர்த்திவிட்டாள். மூன்றரை மணி வாக்கில் பூசாரி வந்து சூடம் காட்டி, பொரி வாங்கிக்கொண்டு அடுத்த கடைக்குப் போனார். "நாளைக்கிக் காலைல எடுக்குற வரைக்கும் ஆயுதத்துல ஒருத்தரும் கை வைக்கப்படாது" என்று அக்கா உத்தரவு போட்டாள்.

நான்கு மணிக்குக் கம்ப்யூட்டர் உய்யென்று எழுந்தது. மஞ்சள் பல்பு எரிந்தது. சுண்டல் தின்றுகொண்டிருந்த அக்கா துள்ளி எழுந்தாள்.

"ஏன்டி, சாமி முன்னாடி வேலை பாக்குது இது! நிறுத்துடி!"

"நான் தொடலையே அத்தை. அதுவா பாக்குது."

அக்கா யோசித்தாள். மனுசன் கை படாவிட்டால் அது வேலை ஆகாது, சாமியே செய்கிற மாதிரிதான் என்று தீர்ப்புச் சொல்லி, மறுபடி சுண்டலை எடுத்தாள். அப்போது கரண்ட் போயிற்று.

கம்ப்யூட்டருக்குக் கீழே இருந்த யுபிஎஸ் பேட்டரி கீச்கீச்சென்று கத்த ஆரம்பித்தது. அது கொஞ்ச நேரம்தான் தாங்கும். நான் ஜெனரேட்டர் பக்கம் போனேன்.

"தம்பி, அதுல கைய வச்ச, நான் இந்த வாசப்படிய மிதிக்க மாட்டேன்."

கையை எடுத்துவிட்டேன். மகளுக்குக் கண் கலங்கிவிட்டது. "கம்ப்யூட்டரத்தான் தொடக்கூடாதுன்னாங்க. ஜெனரேட்டரத் தொடலாம் அத்தை."

"கம்ப்யூட்டரு ஒங்க கம்பெனிச் சட்டம். ஜெனரேட்டரு அம்மன் சட்டம்."

இந்தப் பக்கம் ஒன்றைத் தொடக் கூடாது, அந்தப் பக்கம் இன்னொன்றைத் தொடக் கூடாது. நடுவில் நாங்கள் நாலு பேரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றோம். யுபிஎஸ் கத்திக்கொண்டே இருந்தது.

அப்போது என் மனைவி சுவரைப் பார்த்துச் சொன்னாள்: "இன்னைக்கு ஒருத்தரும் வேலை பாக்கக் கூடாதுன்னா, பூசாரி மட்டும் காலைலேர்ந்து எதுக்கு மணியடிச்சிக்கிட்டுத் திரியுறாரு?"

"அவருக்கு இன்னைக்குத்தானே வேலையே!" என்றாள் அக்கா. சுவரைப் பார்த்து அல்ல, நேராக என் மனைவியைப் பார்த்து.

என் மனைவியும் சுவரை விட்டுத் திரும்பி, "அப்ப அவரயே சுத்தச் சொல்லலாமுல்ல மதினி?" என்றாள்.

பூசாரி பக்கத்துப் பஞ்சர் கடையில் கம்ப்ரஸருக்குச் சூடம் காட்டிக்கொண்டிருந்தார். அக்காவும் மனைவியும் சேர்ந்தே போய் அவரைக் கூட்டிவந்தார்கள். விஷயத்தைக் கேட்டுவிட்டு அவர் ஜெனரேட்டரைச் சுற்றிவந்து பார்த்தார்.

"எந்தப் பக்கமாச் சுத்தணும்?"

"வலப்பக்கமாங்க" என்றேன் மெதுவாக.

"அப்பப் பிரதட்சணந்தான். தோஷமில்ல. ஆனா சும்மா கைவீசிச் சுத்தப்படாது. ஆத்தா, நீ மணிய அடி."

அக்கா மணியடித்தாள். மனைவி தட்டைப் பிடித்தாள். பூசாரி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஹேண்டிலைச் சுற்றினார். இன்ஜின் ஒரு தும்மல் தும்மி நின்றுவிட்டது. மறுபடி சுற்றினார். வேகம் வந்ததும், மேலே தூக்கிப் பிடித்திருக்கும் சின்ன லிவரை விட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் இன்ஜின் பிடிக்காது. சொன்னேன். மணிச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். யுபிஎஸ்ஸின் கீச்கீச் ஒரே நீளச் சத்தமாக மாறியது.

"பூசாரியய்யா! லிவர வுடுங்க!"

பஞ்சர் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். ரோட்டில் போன ஒரு டூவீலர் நின்றது. அந்தச் சத்தம் என்னிடமிருந்துதான் வந்தது என்பது எனக்கே கொஞ்சம் கழித்துத்தான் தெரிந்தது. பூசாரி லிவரை விட்டார். இன்ஜின் படபடவென்று பிடித்துக்கொண்டது. புகை கொட்டகையை நிறைத்தது. பூசாரி அந்தப் புகையிலேயே ஒரு தடவை சூடம் காட்டிவிட்டார்.

பொரியைக் கொறித்துக்கொண்டு எல்லோரும் மஞ்சள் பல்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். "இப்ப உள்ள என்ன செய்யுது?" என்று பூசாரி இரண்டு மூன்று தடவை கேட்டார். "மாட்டிக்கிட்டு இருக்கு தாத்தா", "இப்பச் சோதிக்குது", "கட்டுது" என்று மகள் சொல்லிவந்தாள். பச்சை எரிந்தபோது அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பூசாரி பல்புக்கு ஒரு செம்பருத்தியை வைத்துவிட்டுப் போனார்.

லீவு முடிந்து மேனேஜர் போன் செய்தார். நடுவில் கரண்ட் போய் வந்தது அவருக்கு அங்கே தெரிந்திருக்கிறது. யார் கைவைத்தது என்று கேட்டார். மகள், "அப்பாதான் சார் பாத்துக்கிட்டு இருந்தாங்க" என்று சொல்லிப் போனை என் கையில் வைத்துவிட்டாள். பழக்கத்தில் போனை விரலால் இரண்டு தட்டு தட்டினேன்.

"ஹலோ? சத்தம் வருதுங்க. ஜெனரேட்டர யாரு ஸ்டார்ட் பண்ணது?"

"பூசாரிங்க."

"அவரு நம்ம கம்பெனி ஆளா?"

"இல்லைங்க. கோயில் ஆளு."

"கம்ப்யூட்டரத் தொட்டாரா?"

"பூ வச்சாருங்க. அது பல்புக்கு."

"அடுத்த வருசமும் வருவாரா?" என்று கேட்டார்.

"அவருக்கு அன்னைக்குத்தாங்க வேலையே."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "சரிங்க. மகள் அங்கயே இருக்கட்டும்" என்றார். கரண்ட் நின்றால் யார் பொறுப்பு என்று கம்பெனியில் எழுதிவைக்கிற இடத்தில் இப்போது 'பூசாரி' என்று இருக்கிறதாம். பூசாரி இதைக் கேள்விப்பட்டு, சென்னைக்கும் வந்து சூடம் காட்ட வேண்டியிருக்குமா என்று விசாரித்தார்.

அன்றைக்கு மேனேஜர் வைத்ததும், போனை மகளிடம் திருப்பிக் கொடுப்பதற்குள் அது மறுபடி அடித்தது. கந்தர்வகோட்டைப் பக்கம் ஒரு காதுகுத்து. அவள் கையை நீட்டினாள். நான் அதற்குள் காதில் வைத்துவிட்டிருந்தேன்.

"மைக்செட்டுங்க. எத்தன கொழாய் வேணும்?"

கார்த்திகை எட்டாம் தேதி, திங்கட்கிழமை.