மூன்று கடை ஏறி வாங்கிய பிணைச்சல்

அன்பர்களே, நாடு பிடிக்கப் புறப்பட்ட சக்கரவர்த்திகள்கூட இன்று நான் அலைந்த அலைச்சல் அலைந்திருக்க மாட்டார்கள்.

நாளை மகளுக்குக் கலியாணம். சீதன வீடு கட்டி முடிந்துவிட்டது. வாசற்கதவு மட்டும், நிலையோடு சேர்த்து மாட்டும் பிணைச்சல் இல்லாமல், சுவரில் சாய்ந்து நின்றது.

"கதவில்லாத வீட்டுக்குள்ளயா மாப்பிள்ளையக் கூப்பிடப் போறீங்க? அவங்கட ஆக்கள் ஏழு தலைமுறைக்குச் சொல்லிச் சிரிப்பாங்க," என்றாள் மனைவி.

மட்டக்களப்புப் பட்டணத்தின் முதற்கடையில் பிணைச்சல் தங்கமாக மின்னியது. விலையும் தங்கத்தின் விலைதான். அடுத்த கடையில் மலிவு. விரலால் அழுத்திப் பார்த்தேன், வாழைமட்டையாக வளைந்தது.

மூன்றாவது கடைக்குக் காத்தான்குடிவரை போனேன். அங்கே பொருளே இல்லை.

"சண்டை தொடங்கின பிறகு இரும்புச் சாமான் எங்க அண்ணன் வருது?" என்றார் கடைக்காரர், நாங்கள் காக்கா என்று கூப்பிடும் முஸ்லிம் அண்ணன்.

வாவி கரைபுரளும் அளவுக்குக் கண்ணீர் விட்டு, கலியாணக் கதையைச் சொன்னேன். அவர் திருப்புளியை எடுத்துத் தன் கடைக்கதவையே கழற்றத் தொடங்கினார்!

"காக்கா, கடைக்குக் கதவு வேணாமா?"

"களவெடுக்க உள்ளுக்கு என்ன கிடக்கு? பன்னிரண்டு வருசம் திறந்து பூட்டின பிணைச்சல், ஒரு சத்தம் போட்டதில்ல. பாதி விலை தந்தாப் போதும்."

வாங்கி வந்து வீட்டுக் கதவை மாட்டியாயிற்று. மனைவி தொள்ளாயிரம் தடவை திறந்து மூடிப் பார்த்துவிட்டுத்தான் சிரித்தாள். எனக்கும் மூச்சு வந்தது.

உங்களுக்கும் பிணைச்சல் வேண்டுமானால் காத்தான்குடிக்குப் போங்கள். கதவில்லாத கடைதான் அடையாளம். அவரிடம் இனிக் கழற்ற என்ன மிச்சம் என்று பார்த்து எனக்கும் சொல்லுங்கள். சன்னலுக்குக் கொண்டி தேவைப்படுகிறது.