சாம்பிராணி போட்ட பேய்

டூரிங் டாக்கீஸ் கூடாரத்துக்குள் நெருப்பு ஆகாது என்று விதி இருந்தது. ஆட்டத்துக்கு முன் பிள்ளையாருக்குக் காட்டும் சூடத்தை மட்டும் தாலுகா ஆபீஸ்காரர்கள் நாங்கள் கண்டுகொள்ள மாட்டோம். பேய்க்குப் போடும் சாம்பிராணியைப் பற்றி எவரும் யோசித்திருக்கவில்லை. நேற்றுப் பேரன் பார்த்த தொலைக்காட்சிப் பேய்ப்படத்தில் மாளிகை முழுக்க நீலப் புகை, வாசனைதான் இல்லை. அந்தக் குறையை என் மூக்கு தானாகவே தீர்த்துக்கொண்டு மல்லசமுத்திரத்துக்குப் போய்விட்டது.

யுத்த காலம். திருச்செங்கோடு தாலுகா ஆபீசில் நான் புது குமாஸ்தா. சோதனை என்ற பேரில் ஓசியில் படம் பார்ப்பவன். அறுவடை முடிந்த சோளக்காட்டில் கூடாரம். படத்தில் பாழடைந்த பங்களா, ஒட்டடை, மெழுகுவத்தியோடு மாடிப்படி இறங்கும் வெள்ளைச்சேலைப் பேய். முதல் நாள் ஒருவரும் பயப்படவில்லை.

"பேய்க்கு எதுக்குங்க வெளிச்சம்? கண்ணு தெரியாதாட்ட இருக்குது!" என்று தரை டிக்கெட்டில் ஒருவர் கேட்க, கூடாரமே சிரித்தது.

டாக்கீஸ் முதலாளிக்கு ரோஷம் வந்துவிட்டது. மறுநாள் பேய் இறங்கும் நேரத்தில் திரைக்குப் பின்னால் தணலில் சாம்பிராணியைக் கொட்டினார். பயம் வரும் என்று நினைத்தார், சாமி வந்தது. எங்கள் பக்கத்தில் அந்த வாசனைக்கு அதுதானே வேலை! பெண்கள் பக்கம் இரண்டு பேர் தலைவிரித்து ஆடினார்கள். தறிக்காரப் பாப்பாத்தி எழுந்து திரையைப் பார்த்துக் கும்பிட்டாள். அவள் புருஷன் பட்டாளத்தில் சேர்ந்து பர்மாப் பக்கம் போனவன். தகவலே இல்லை.

"எங்கூட்டுக்காரரு உசுரோட இருக்காருங்களா சாமி?"

கதாநாயகனைப் பார்த்துப் பேய் மெல்லத் தலையாட்டும் கட்டம் அது. ஆட்டியது.

யாரும் சிரிக்கவில்லை. அதன்பின் தினமும் வந்து கேட்டாள். தினமும் அது தலையாட்டியது.

விஷயம் தாசில்தார் காதுக்கு எட்டியது. ஆட்டம் நின்றது. சாம்பிராணி பூஜையைச் சேர்ந்ததா, நெருப்பைச் சேர்ந்ததா என்று விளக்கம் கேட்டு சேலம் கலெக்டர் ஆபீசுக்கு எழுதினோம். 'மேற்படி பேய்' என்ற சொற்றொடர் என் கைவண்ணம்.

பாப்பாத்தி ஆபீசுக்கே நடந்து வந்தாள்.

"அந்தப் பேய்க்கு லைசென்ஸ் குடுத்துருங்க சாமி."

"மேலிடத்திலிருந்து பதில் வரணும்மா."

"உங்க மேலிடம் எப்பங்க சொல்லும்? பேயி கேட்டவொடனே சொல்லுதுங்களே!"



படப்பெட்டியைத் திருப்பி அனுப்ப வேண்டிய நாள் வந்ததும் முதலாளி கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு போனார். அதற்குப் பிறகும் சில சாயங்காலங்களில் அந்த வழியாகச் சைக்கிளில் போகும்போது பார்த்திருக்கிறேன். திரைக்கம்பம் நட்டிருந்த குழிக்கு எதிரே, வெற்று வானத்தைப் பார்த்தபடி நிற்பாள். காற்றில் சாம்பிராணி மணந்ததென்று சொன்னால் நீங்கள் நம்ப வேண்டியதில்லை.

இன்று அங்கே லாரிக்கு பாடி கட்டும் பட்டறை. கூடாரமும் இல்லை, பாப்பாத்தியும் இல்லை. பேய்கள் மட்டும் வீட்டுக்கு வீடு வருகின்றன. யார் கேட்டாலும் தலையாட்டுவதில்லை.

சேலத்திலிருந்து பதில் வராமல் இல்லை. பூஜைக்காகவெனில் ஆட்சேபணை இல்லையாம். அது வந்தபோது கூடாரம் போட்ட காடு உழுது விதைத்தாகிவிட்டிருந்தது. அன்று ஆடிப் பதினெட்டு.