ஏழாம் வீட்டில் ஒரு கு

போன வாரம் ஆதார் நகல் எடுக்க ஆரியசாலையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் நின்றவர் ஒரு ஜாதகத்தைப் பத்துப் பிரதி எடுத்துக்கொண்டிருந்தார். இயந்திரத்திலிருந்து விழுந்த தாள்களில் சூடான மை வாசனை. உங்களுக்கு அது ஏதாவது அலுவலகத்தை நினைவூட்டலாம். எனக்கு கோமதி அக்காதான் நினைவுக்கு வருவாள்.

அக்கா என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவள். அவளுக்கு மாப்பிள்ளை தேடிய வருஷங்களில் அவள் ஜாதகத்தை நகலெடுத்து வருவது என் வேலை. ஒரு தடவைக்குப் பத்து. மழைக்காலத்தில் அந்தச் சூட்டுத் தாள்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடுவது சுகமாகவே இருந்தது. எதற்கும் பட்டியல் போடுகிற, எரிச்சலூட்டும் குழந்தை நான். கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒன்று வைத்திருந்தேன்: ஊர், மாப்பிள்ளையின் வேலை, வேண்டாம் என்றதற்குக் காரணம். ஊரும் வேலையும் வகைவகையாக இருந்தன. காரணம் மட்டும் மேலிருந்து கீழ் வரை ஒன்றே: ஏழில் செவ்வாய்.

ஜாதகத்தின் பன்னிரண்டு கட்டங்களில் ஏழாவது, துணைக்கு உரிய வீடு. அங்கே செவ்வாய் இருந்தால் கட்டியவரின் உயிருக்கு ஆகாது என்பார்கள். இருவருக்கும் அதே தோஷம் இருந்தால் சரியாகிவிடும் என்று ஒரு விலக்கும் உண்டு. அக்கா இதையெல்லாம் கேட்டுச் சிரிப்பாள்.

"எனக்கு மாப்ள எப்பமே வந்தாச்சுட்டீ. ஏழாம் வீட்டுல சப்பணம் போட்டு இருக்கான், எந்திரிக்கவே மாட்டேங்கான்."

ஒரே ஒரு முறை சிரிக்கவில்லை. நாகர்கோவில் பக்கம் ஒரு பள்ளி ஆசிரியர், கல்யாண வீட்டில் அவளைப் பார்த்துவிட்டு, ஜாதகம் கேட்காமலே தன் அம்மாவோடு வந்தார். சமையலறை வாசலில் நின்று அவரும் அக்காவும் பேசினார்கள். புளிசேரிக் குழம்பைப் பற்றி என்று நினைவு. புறப்படும்போது அவர் அம்மா, "சும்மா ஒரு முறைக்கு, ஜாதகம் ஒண்ணு தாருங்க" என்றார். நான்தான் ஓடிப்போய்ச் சூடாக எடுத்து வந்து கொடுத்தேன். எட்டாம் நாள் அது தபாலில் திரும்பி வந்தது. அக்கா உறையைப் பிரித்தாள். தாள் கசங்காமல் இருந்ததால், மறுபடி உபயோகப்படும் என்று மற்ற பிரதிகளோடு சேர்த்து வைத்தாள்.

முப்பத்தோராம் வயதில் தோஷக்காரர் ஒருவர் கிடைத்தார். பொன்முடிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் ஆபீஸ் வேலை. அக்கா மலையேறினாள். வருஷத்துக்கு இரண்டு முறை இறங்கி வருவாள். ஒரு முறை உதட்டில் காயம், ஒரு முறை மணிக்கட்டில் கட்டு. "மழைல்லா, வழுக்கிட்டு" என்பாள். கோடையிலும் அவளுக்கு வழுக்கியது.

நான் பொறியியல் முடித்து, கழக்கூட்டத்தில் ஒரு சின்ன நிறுவனத்தில் சேர்ந்தேன். கைப்பேசியில் ஜாதகம் கணிக்கும் செயலி செய்தார்கள். அதைச் சோதிப்பது என் வேலை. தமிழ் எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்பதால் தமிழ்ப் பலன்களும் என் தலையில் விழுந்தன. ஒன்பது கிரகம், பன்னிரண்டு வீடு, நூற்றெட்டுப் பலன். படிப்பவரைப் பயமுறுத்தும் சொல் வரக்கூடாது என்பது உத்தரவு. ஏழில் செவ்வாய்க்கு, "துடிப்பான துணை அமைவார். உரையாடலில் பொறுமை தேவை" என்று எழுதினேன். கூசாமல்தான் எழுதினேன்.

சோதித்துப் பார்க்க யாருடைய பிறந்த விவரமாவது வேண்டும். அக்காவுடையது எனக்கு மனப்பாடம். ஏழில் குரு என்று வந்தது. செவ்வாய் பதினொன்றில் இருந்தது; அங்கே அதற்குத் தோஷமே கிடையாது. அப்பா எழுதிய ஜாதகத்தைச் சான்றாகக் காட்டி, செயலியில் பெரிய பிழை என்று உற்சாகமாக அறிக்கை எழுதினேன். என் மேலாளர் சேச்சி பஞ்சாங்கத்தோடு ஒப்பிட்டுவிட்டு வந்தார்.

"ப்ரோக்ராம் கரெக்டா, குட்டீ. தெற்றியது நின்றெ அச்சனா."

செயலி சரிதான், தவறியது உன் அப்பாதான் என்று சொல்லிச் சிரித்தார். அவருக்கு எதுவும் தெரியாது.

அன்று மாலை வீட்டில், அப்பா கையெழுத்தில் இருந்த பழைய தாளை எடுத்துப் பார்த்தேன். அக்கா பிறந்தபோது ஜோசியம் பார்க்கும் ஒரு கணியார் மலையாளத்தில் ஜாதகம் எழுதிக் கொடுத்திருந்தார். கிரகங்களுக்கு முதலெழுத்து மட்டும் போடுவார்கள். செவ்வாய்க்கு அவர்கள் எழுதுவது குஜன், வியாழனுக்கு குரு. மலையாளத்தில் இரண்டும் வேறு வேறு எழுத்து. அப்பா அதை எழுத்துக்கு எழுத்து தமிழில் பெயர்த்து வைத்தார். தமிழில் இரண்டும் கு. மூலத்தைக் கரையான் தின்றது. இருபது வருஷம் கழித்து, மாப்பிள்ளை தேடக் கிரகப் பெயர்களை முழுசாக எழுத உட்கார்ந்தபோது, அப்பா முன்னால் இரண்டு கு இருந்தன. ஏழில் ஒன்று, பதினொன்றில் ஒன்று.

"அப்பமே ஒரு சந்தேகம் உண்டு மக்ளே" என்றார் அப்பா. "நல்லத ஏழுல போட்டா, தோஷத்த மறைச்சுப் பொண்ணக் கெட்டிக் குடுத்தான்னு நாளைக்கு ஒருத்தன் சொல்லப்படாதுல்லா. அதான் கெட்டத அங்க போட்டேன்."

"யார்ட்டயாவது கேட்டிருக்கலாம்லா?"

"கேட்டேனே, ஒரு ஜோசியன்ட்ட. அவன் நான் எழுதுன கட்டத்தப் பாத்துத்தான சொன்னான், செவ்வாய்னு."

அடுத்த சனிக்கிழமை வித்துரா போய், இரண்டு மணி நேரம் பஸ்ஸுக்கு நின்று, மலை ஏறினேன். அக்காவைக் கையோடு கூட்டி வந்துவிடுவது என்று போனேன். அத்தான் முன்னறையில் இருந்தார். அக்கா பின்பக்கம் குழாயடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன்.

"அப்பம் எனக்கு ஏழுல குருவா? இருந்தா என்னவாம்?"

செயலிக்கு நான் எழுதியதை அப்படியே ஒப்பித்தேன்: அன்பும் அறிவும் உள்ள துணை, அமைதியான இல்லறம்.

"கொள்ளாம். நல்லா எழுதியிருக்க." பிறகு அவள் கை நின்றது. "ஏட்டீ, அப்பம் தோஷம் அவருக்கு மட்டுந்தானா? கணக்குப்படி போறது நான்லா!"

நூற்றெட்டுப் பலன் எழுதிய எனக்கு அது தோன்றவே இல்லை.

"கிறுக்கு மாதிரி பேசாத. கெளம்பு, போவோம்."

"வந்து? நீ மறுபடி பத்துக் காப்பி எடுக்கவா?"

உள்ளிருந்து அத்தான் "கோமதீ" என்றார். அவள் எழுந்த வேகத்தைப் பார்த்தேன். "அவர்ட்ட சொல்லிராத" என்றாள் மெதுவாக. "ஏமாத்திட்டோம்னு வரும். அதுக்கு வேற நான்..." முடிக்காமல் போனாள்.

இன்னொரு முறை கேட்டிருக்கலாம். ஆனால் கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. திங்கட்கிழமை அலுவலகத்தில் முக்கியமான வேலை இருந்தது. உங்களிடம் சொல்வதற்கென்ன, அவள் வரவில்லை என்றதும் எனக்குக் கொஞ்சம் ஆசுவாசமாகவும் இருந்தது.

அதற்குப் பிறகு இரண்டாவது மழைக்காலத்தில் அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது. ஐந்து நாள். அத்தான் அவளைக் கீழே ஆஸ்பத்திரிக்கு இறக்கவில்லை. ஆறாம் நாள் எங்களுக்குச் செய்தி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. துக்கத்துக்கு வந்தவர்கள், "ரெண்டு செவ்வாயும் மோதிட்டு" என்று பேசிக்கொண்டார்கள். தோட்டத்தில் ஒரு ஜீப் சும்மா நின்றது என்று நான் சொன்னேன். யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. அப்பா எந்தப் பக்கமும் பேசவில்லை.

இப்போது அந்தத் தோட்டம் பூட்டிக் கிடக்கிறது. குடியிருப்புகளுக்குக் கூரை இல்லை என்கிறார்கள். செயலியும் இல்லை, நூற்றெட்டுப் பலன்களும் அதோடு போயின.

போன வருஷம் எனக்குப் பெண் பிறந்தது. பிரசவ அறைக்கு வெளியே அப்பா கடிகாரத்தைப் பார்த்தபடியே நின்றதாக என் கணவர் சொன்னார். பார்க்க வந்த உறவுக்காரப் பெண் ஒருத்தி, "மாமா, நேரம் குறிச்சாச்சா? ஜாதகம் எழுதண்டாமா?" என்று கேட்டாள். "விட்டுப்போச்சு" என்றார் அப்பா. குழந்தையின் கையில் ஆஸ்பத்திரியில் கட்டிய பட்டையில் நேரம் எழுதியிருந்தது. வீட்டுக்குப் புறப்படும் அன்று, நர்ஸிடம் கத்தரிக்கோல் கேட்டு வாங்கி, அதைப் பதனமாக வெட்டி, சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு அந்தப் பட்டையை யாரும் பார்க்கவில்லை. எல்லாவற்றையும் குறித்து வைக்கிற நான் அந்த நேரத்தை மட்டும் குறித்துக்கொள்ளவில்லை. பிள்ளை பிறந்தது காலையிலா மாலையிலா என்று கேட்டால்கூட, இன்று எங்கள் வீட்டில் பதில் சொல்ல ஆளில்லை.