புதுப் பெயிண்ட்டின் மேல் வைத்த சந்தனம்

என்னிடம் ஒரு விஷயத்தைச் சொல்லலாமா வேண்டாமா என்று என் வீட்டில் இருப்பவர்கள் எப்போதிலிருந்து யோசிக்கத் தொடங்கினார்கள்? இதற்கு எனக்கு இன்னும் விடை தெரியவில்லை. கல்யாணமான புதிதில் அப்படி இல்லை. என் கணவருக்கு வேலையில் வரும் சின்னத் தொல்லைகளைக்கூட அப்போது நான்தான் முதலில் கேட்பேன். மகள் பிறந்த பிறகு எங்கோ ஓரிடத்தில் அது மாறியிருக்க வேண்டும். ஒருவேளை அவளுக்கு முதல் முறை காய்ச்சல் வந்து, நான் ஒரே இரவில் மருத்துவருக்கு மறுபடி மறுபடி போன் செய்த சமயமாக இருக்கலாம். பள்ளியில் சேர்த்த பிறகாகவும் இருக்கலாம். காலையில் அவளை அப்பா வண்டியில் கூட்டிக்கொண்டு போவார். பள்ளி வாசலில் இறக்கியதும் எனக்கு ஒரு செய்தி அனுப்ப வேண்டும். அது வரத் தாமதமானால் நான் போன் செய்வேன். அவர் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தால் எடுக்க மாட்டார். எடுக்காவிட்டால் மறுபடி செய்வேன். இப்படி ஒருத்தியிடம் யார்தான் எதைச் சொல்வார்கள் என்றும் தோன்றுகிறது.

அந்த வண்டி ஒரு பெரிய பிக்கப். முன்னால் ஐந்து பேர் உட்காரலாம், பின்னால் திறந்த தொட்டி. கடற்கரைச் சாலையோர வீடுகளில் நீச்சல் குளத்துக்கு மோட்டாரும் ஃபில்டரும் பொருத்திக் கொடுப்பது என் கணவரின் தொழில். சாமான் ஏற்ற அது வேண்டும் என்றார். மயிலாப்பூரில் எங்கள் தெருவுக்கு அது கொஞ்சமும் பொருந்தாது. அடுக்குமாடியின் கீழே நிறுத்தினால் மூக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். வெள்ளை நிறம். அந்த வெள்ளை பானட்டின் மேல் சில மாதங்களாக மூன்று மஞ்சள் வட்டங்கள், நடுவில் இளஞ்சிவப்பாக ஒரு கறை. கோயிலில் பூஜை போட்டபோது குருக்கள் வைத்த சந்தனமும் குங்குமமும். காய்ந்து உதிர்ந்த பிறகும் தடம் போகவில்லை. ஷாம்பு போட்டுக் கழுவிப் பார்த்தேன், தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தும் பார்த்தேன்.

"விடேன், சாமி குங்குமம்தானே. அழிச்சே ஆகணுமா?" என்றார் கணவர்.

அவர் கோயிலுக்குப் போனால் செருப்புக்குக் காவல் நிற்கிற ஆள். அவர் வாயில் அந்தச் சொல் வந்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

அவர் வேலை விஷயமாக ரயிலில் கோயம்புத்தூர் போயிருந்தார். திரும்பி வரும் நாளுக்கு மறுநாள் அவர் பிறந்த நாள். வண்டியைப் பாலிஷ் போட்டு வைத்தால் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். சனிக்கிழமை காலை, மகளைப் பின் சீட்டில் அவளுடைய சின்ன இருக்கையில் வைத்து பெல்ட் போட்டு, இழுத்துப் பார்த்து, மறுபடியும் ஒரு தடவை இழுத்துப் பார்த்து, அடையாறு வழியாக கிண்டி தொழிற்பேட்டைக்கு ஓட்டிக்கொண்டு போனேன். ஆட்டோக்காரர்கள் ஹாரன் அடித்துக்கொண்டே இரண்டு பக்கமும் கடந்து போனார்கள்.

தகரக் கூரை போட்ட கடை. பாலிஷ் போடுகிறவர் நாற்பது வயதுக்காரர், காதில் பென்சில். பக்கத்துக் கடையில் சீட் கவர் தைப்பவர், கத்திரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டே வந்து வண்டியைப் பார்த்தார்.

"இன்னா மச்சி, வண்டியா வூடா? மாடி எட்த்து வாடகைக்கு வுடலாம் போலக்கீது."

"உனுக்கு வுட மாட்டேன். நீ அட்வான்ஸே குடுக்க மாட்ட" என்றார் இவர். பிறகு என்னைப் பார்த்து, "நீங்களேவா ஓட்டிக்கினு வந்தீங்க மேடம்? ஒக்காருங்க. பாப்பாவ ஃபேன் பக்கமா ஒக்கார வையுங்க" என்றார்.

நுரை அடித்துக் கழுவினார். களிமண் போல ஒரு கட்டியால் தேய்த்தார். ஒட்டியிருந்த தூசி எல்லாம் அதில் வந்தது. விளக்கு ஓரங்களிலும் ரப்பர் பட்டைகளிலும் நீலநிற டேப் ஒட்டினார். பிறகு கைக்கடக்கமான ஒரு மீட்டரை எடுத்து, பின் கதவில் வைத்தார், கூரையில் வைத்தார், பானட்டில் வைத்தார். பானட்டில் மறுபடி வைத்தார். பெயிண்ட் எவ்வளவு கனமாக இருக்கிறது என்று அது காட்டுமாம். மெல்லிசாக இருக்கும் இடத்தில் அழுத்தித் தேய்த்தால் அடித் தகடு தெரிந்துவிடும் என்பதால் முதலில் பார்த்துக்கொள்வார்களாம்.

"மேடம், வண்டி எப்ப டிங்கரிங் பண்ணீங்க?"

"டிங்கரிங்கா? இல்லையே. புதுசா எடுத்த வண்டி. நாங்கதான் முதல் ஓனர்."

"பானட்டு, லெஃப்ட்டு ஃபென்டரு, லெஃப்ட்டு முன்கதவு, மூணும் வெளிய அடிச்சிகீறாங்க. மத்த எடத்தவிட டபுளுக்கு மேல காட்டுது. கம்பெனி பெயிண்ட்டு இல்ல."

"சர்வீஸுக்கு விட்டிருந்தோம். ஏசி சரியில்லன்னு. அப்ப ஏதாவது அடிச்சிருப்பாங்களோ?"

அவர் மீட்டரைத் துணியில் துடைத்தார்.

"ஏசிக்கு பானட்டு அடிக்க மாட்டாங்க மேடம். அதான் சந்தனம் உள்ள எறங்கிருச்சி. புது பெயிண்ட்டு கொஞ்ச நாளு காயணும். மஞ்சா, சந்தனம், எது வெச்சாலும் குடிச்சிரும். எட்த்துனு வந்த ஒடனே பூஜ போட்டுட்டீங்க போல."

ஆமாம், வந்த உடனே போட்டோம். சர்வீஸிலிருந்து வண்டி வந்த மறுநாள் காலையே மாமியார் எங்களைக் கோயிலுக்குக் கிளப்பினார். ஏசி சரிபார்த்ததற்கு எதற்குப் பூஜை என்று எனக்குத் தோன்றியது. ஆனால் கேட்கவில்லை. அர்ச்சனைத் தட்டு எடுத்து வைத்தேன். கோயில் சந்தனம் தண்ணியாக இருக்கும் என்று வீட்டிலேயே கெட்டியாகக் கரைத்து ஒரு டம்ளரில் கொண்டுபோனதும் நான்தான். குருக்கள் தாராளமாகவே அப்பினார்.

அதற்கு முந்தைய வாரத்துச் செவ்வாய்க்கிழமையும் நினைவுக்கு வந்தது. என் கணவரும் மகளும் அன்று பள்ளியிலிருந்து ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். வண்டி சர்வீஸில் என்றார். மாமியார் இரண்டு பேரையும் வாசல் பக்கம் பார்த்து நிற்க வைத்து, உப்பும் மிளகாயும் தெருமண்ணும் எடுத்துச் சுற்றி அடுப்பில் போட்டார். "பாரு, நெடியே வரல. அவ்வளவு கண்ணு" என்றார். எனக்கு நன்றாகவே இருமல் வந்தது. என்ன விசேஷம் என்று கேட்டேன். "செவ்வாக்கெழமதானே, சும்மா சுத்திப் போட்டேன்" என்றார். நான் இருமிக்கொண்டே மகளின் முகத்தைக் கழுவிவிட்டேன். அவள் அன்று சீக்கிரம் தூங்கிவிட்டாள். பள்ளியில் நிறைய விளையாடியிருப்பாள் என்று நினைத்தேன்.

இதையெல்லாம் கடையில் உட்கார்ந்து யோசித்தபோது எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அதைத்தான் சொல்ல விரும்புகிறேன். செய்தி அரை மணி தாமதமானால் போனை எடுத்துவிடுகிறவள் நான். அன்று போனைத் தொடவில்லை. எழுந்து போய் வண்டியின் இடது பக்கத்தைப் பார்த்தேன். முன்கதவு முடியும் இடத்துக்கும் மகள் உட்காரும் பின்கதவுக்கும் நடுவில் ஒரு ரப்பர் பட்டைதான். அந்தப் பட்டையின் மேல் நீலநிற டேப் ஒட்டியிருந்தது. டேப் எவ்வளவு நேராக ஒட்டப்பட்டிருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

மெஷின் ஓடத் தொடங்கியது. வட்டமான பஞ்சுப் பேடில் காம்பவுண்ட் என்ற தேய்ப்புப் பசையைப் பொட்டுப் பொட்டாக வைத்து, முதலில் மெதுவாகப் பரப்பி, பிறகு வேகத்தைக் கூட்டி, குறுக்கிலும் நெடுக்கிலும் கொண்டுபோனார். மகள் நாற்காலியை விட்டு இறங்கி அவர் பக்கத்தில் போய் நின்றாள். தள்ளி நில் என்று சொல்லியிருப்பேன். சொல்லவில்லை. நான் பின்னால், தொட்டிப் பக்கம் நின்றிருந்தேன். அவளுக்கு நான் தெரியவில்லை.

அவள் அவரிடம் ஏதோ சொன்னாள். சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. தலையை ஆட்டினார். அவள் கத்திச் சொன்னாள். அவர் என்ன என்று கேட்பதற்காக மெஷினை நிறுத்தினார். அவள் குரல் மட்டும் அந்தத் தகரக் கூரைக்குக் கீழே தனியாக வந்தது.

"தண்ணி லாரி வந்து டம்முன்னு இடிச்சிச்சு அங்கிள். கண்ணாடி எல்லாம் என் மேல விழுந்துச்சு. அம்மாகிட்ட மட்டும் சொல்லக் கூடாது."

சீட் கவர் தைப்பவரின் கத்திரிக்கோல் நின்றது. பாலிஷ்காரர் திரும்பி என்னைப் பார்த்தார். மகளும் பார்த்தாள். பார்த்தவுடன் இரண்டு கைகளாலும் வாயை மூடிக்கொண்டாள்.

"கொயந்த சும்மா சொல்லுது மேடம்" என்றார் அவர். "பாடி லைனெல்லாம் ஸ்ட்ரெயிட்டா கீது. பெரிய அடியெல்லாம் இல்ல. யாரோ பார்க்கிங்ல ஒரசிகீறாங்க, அவ்ளோதான்."

என்னை அவருக்குக் காலையிலிருந்துதான் தெரியும். அதற்குள் அவரும் என்னிடம் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்து, வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டார். நான் தலையாட்டினேன்.

"டீ சொல்லவா சிஸ்டர்?" என்றார் சீட் கவர்காரர். சரி என்றேன். மகளுக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட்டும் வந்தது. அவள் கையை வாயிலிருந்து எடுக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

பிற்பகலில் பாலிஷ்காரர் டார்ச் அடித்து பானட்டைக் காட்டினார். இரண்டு வட்டங்கள் போய்விட்டன. நடுவில் இருந்தது மட்டும் சாயலாகத் தெரிந்தது.

"இன்னும் ஒரு ரவுண்டு ஓட்னா முழுசா பூடும். இங்க பெயிண்ட்டு கனம்தான், பயமில்ல. இல்ல, சாமி வெச்சது, லேசா இர்க்கட்டும்னா வுட்டுர்றேன். சொல்லுங்க."

முழுதும் போய்விட்டால், மீட்டர் வைத்திருக்கும் இடத்துக்கு நான் வந்திருக்கிறேன் என்று கணவருக்குத் தெரிந்துவிடும். கொஞ்சம் இருந்தால் வீட்டிலேயே தேய்த்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். அவருக்குத் தெரிய வேண்டுமா, தெரியக் கூடாதா என்று எனக்கு விளங்கவில்லை. வந்த வேலை அதுதானே என்று, "எடுத்துடுங்க" என்றேன்.

திரும்பும் வழியில் சிக்னலில் நின்றபோது மகள் பின்னாலிருந்து கேட்டாள்.

"அம்மா, நான் உங்கிட்ட சொல்லல இல்ல?"

"இல்லம்மா."

"அந்த அங்கிள்கிட்டதானே சொன்னேன்?"

"ஆமா. அங்கிள்கிட்டதான் சொன்ன."

"அப்ப அப்பா கோச்சுக்க மாட்டாரு."

"மாட்டாரு."

பச்சை விழுந்தது. பின்னால் பேருந்து ஹாரன் அடித்தது. நான் வண்டியை எடுத்தேன். அவளிடம் வேறு என்ன சொல்லியிருக்கலாம் என்று பிறகு நிறைய யோசித்திருக்கிறேன். கண்ணாடி குத்தியதா, அழுதாயா, யார் உன்னைத் தூக்கினார்கள் என்று கேட்டிருக்கலாம். கேட்டால் அவள் வாக்குத் தவறியதாக ஆகிவிடும். அவளுக்கு ஐந்து வயது. சத்தியம் என்றால் என்ன என்று இப்போதுதான் தெரிந்திருக்கிறது. அன்று குளிப்பாட்டும்போது தலையைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. மாதங்கள் ஆகிவிட்டன, இருந்திருந்தாலும் ஆறியிருக்கும்.

கணவர் ஞாயிற்றுக்கிழமை இரவு வந்தார். மறுநாள் காலை கீழே போனவர் கொஞ்ச நேரம் மேலே வரவில்லை. நான் பால்கனியிலிருந்து பார்த்தேன். பானட்டின் மேல், கறை இருந்த இடத்தில், உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றிருந்தார். மேலே வந்ததும், "ரொம்ப நல்லாருக்கு. புதுசு மாதிரி இருக்கு" என்றார். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே கேட்டார், "கடைக்காரர் ஏதாவது சொன்னாரா?"

"நல்ல பெயிண்ட்டுன்னு சொன்னாரு."

"ம்" என்றார்.

மகள் ஷூ போட்டுக்கொண்டே எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். கேசரி கிண்டியிருந்தேன். ஒரு கரண்டி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார்கள். பள்ளி வாசலிலிருந்து செய்தி வந்தது. அன்றைக்கு மட்டும் இல்லை, இப்போதும் தினமும் நேரத்துக்கு வருகிறது. நானும் முன்புபோல மறுபடி மறுபடி போன் செய்வதில்லை. உனக்கு இப்போதெல்லாம் பயம் குறைந்துவிட்டது, நல்லது என்று மாமியார் சொன்னார். பயம் குறைந்ததா என்று எனக்குத் தெரியாது. செய்தி வந்தால் பார்க்கிறேன். வராவிட்டாலும் கையில் இருக்கும் வேலையைச் செய்துகொண்டிருக்கிறேன்.

கணவரிடம் ஒருநாள் கேட்டுவிடுவேன் என்றுதான் நினைக்கிறேன். லாரி எப்படி வந்தது, தவறு யாருடையது என்பதெல்லாம் பெரியவர்கள் பேசித் தீர்த்துக்கொள்ளக் கூடியதுதான். என் கவலை மகளைப் பற்றியது. நேற்று அவள் பள்ளியில் கீழே விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டு வந்தாள். என்னைக் கண்டதும் பாவாடையை இழுத்து மறைத்தாள். நான் பார்த்ததைக் காட்டிக்கொள்ளவில்லை. அவள் தூங்கிய பிறகு மருந்து தடவினேன்.

நான் கணவரிடம் கேட்டால், தான்தான் சொல்லிக் காட்டிக்கொடுத்துவிட்டதாக அவளுக்கு ஆகும். கேட்காவிட்டால், அம்மாவிடம் மறைப்பதுதான் சரி என்று கற்றுக்கொண்டே வளர்வாள். இதை வாசிப்பவர்களில் பிள்ளைகளை வளர்த்தவர்கள் இருப்பீர்கள். என்னைப் போலப் பயப்படும் அம்மாவிடம் வளர்ந்தவர்களும் இருக்கலாம், அவர்கள் சொன்னால் இன்னும் நல்லது. ஐந்து வயதுக் குழந்தை கொடுத்த வாக்கை, அவள் அதை உடைத்துவிட்டதாக நினைக்காமல், அவளிடமிருந்து எப்படித் திரும்ப வாங்குவது? எந்த வார்த்தையில் தொடங்குவது? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.