ஜீப்பு சேதி

வைஜெயந்தி செய்தித்தாளைக் கடைசிப் பக்கத்திலிருந்துதான் பிரிப்பார். முதல் பக்கத்தில் டெல்லியும் சென்னையும் கட்டிப் புரண்டுகொண்டிருக்கும். அதனால் அவர் வேலை பார்க்கும் கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்துக்குப் பைசா பிரயோஜனமில்லை. பாகூர், வில்லியனூர் பக்கத்துச் சேதியெல்லாம் உள்ளே, நகைக்கடை விளம்பரத்துக்கும் ராசிபலனுக்கும் நடுவில் ஒண்டிக்கொண்டிருக்கும். அங்கேதான் அவர் கத்தரிக்கோல் போகும்.

தினம் ஏழு பத்திரிகைகள். வெட்டி, வெள்ளைத்தாளில் ஒட்டி, தலையில் தேதியும் பத்திரிகைப் பெயரும் பச்சை மையில் எழுதி, பத்து மணிக்கு ஆணையர் மேசைக்கு அனுப்பிவிட வேண்டும். பதினான்கு வருடமாகத் தினக்கூலியில் இதே வேலை. இந்த வருடம் நிரந்தரமாகிவிடும் என்று எல்லா வருடமும் சொன்னார்கள். இப்போது நிஜமாகவே பட்டியல் தயாராகிவிட்டது. அதில் மூன்றாவது பெயர் அவருடையது.

தலைப்பைப் பார்த்த மாத்திரத்தில் சேதியின் தலையெழுத்தைச் சொல்லிவிடுவார். "கோரிக்கைன்னு போட்டா ஃபைல் சேதி, அது தூங்கும். அவதின்னு போட்டா போன் சேதி, சார் யாரையாவது கூப்ட்டுத் திட்டுவாரு. போட்டோவுல நாலு பொம்பளைங்க காலிக் கொடத்த வச்சிக்கினு நின்னாங்கன்னு வையி, ஜீப்பு சேதி. பதினோரு மணிக்கு வண்டி கெளம்பிடும்." ஓட்டுநர் அரசு இவரைக் கேட்காமல் டீ குடிக்கக்கூடப் போகமாட்டார். கேட்டுவிட்டுப் போனவர் ஒருநாளும் ஏமாந்ததில்லை.

வந்ததை வெட்டுவார்; பிடிக்கவில்லை என்று எதையும் விடமாட்டார். தான் போட்ட சாலையைப் பற்றி வந்த நாலு வரித் துணுக்கைக் கண்ணில் படாததுபோல விட்டுவிடச் சொல்லி, ஒப்பந்தக்காரர் ஒருவர் இனிப்புப் பெட்டியோடு வந்தார். "எனக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது சார். எடுத்தும்போய் ஆஸ்பத்திரியில குடுங்க, உங்க ரோட்டுல வுழுந்தவங்க சாப்பிடட்டும்" என்று திருப்பி அனுப்பினார்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, அந்தக் கத்தரிக்கோல் கொஞ்ச நேரம் அசையாமல் நின்றது. 'சாராயக்கடை இடமாற்றம்: பொதுமக்கள் வரவேற்பு' என்றது சேதி. கடை வரவிருந்த இடம் வைஜெயந்தியின் ஊரில், பஸ் நிறுத்தத்திலிருந்து தெருவுக்குப் போகும் கரும்புத்தோட்டத்து வழி. சேதராப்பட்டுக் கம்பெனிகளில் ஷிஃப்ட் முடிந்து வரும் நாற்பது பெண்களுக்கு வேறு பாதை கிடையாது. அவருடைய மகள் ஜெயப்பிரியாவும் அவர்களில் ஒருத்தி. கொம்யூன் 'ஆட்சேபணை இல்லை' என்று எழுதித் தந்துவிட்டால் கடை வந்துவிடும். வெள்ளிக்கிழமை அந்தக் கோப்பு கையெழுத்துக்கு வருகிறது. ஆனாலும் வழக்கம்போல வெட்டினார், ஒட்டினார், அனுப்பினார்.

மதியம் ஆணையர் அறையிலிருந்து குரல் கேட்டது: "ஜனங்களே வரவேற்கிறாங்க. அப்புறம் நமக்கென்ன?"

அந்தப் பத்திரிகையின் பகுதிநேர நிருபர் சூசைநாதன், மதகடிப்பட்டில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர். வைஜெயந்தி போன் போட்டார்.

"எந்த ஜனம்பா வரவேத்துச்சு? ஒரே ஒரு பேரு சொல்லு."

"வாட்ஸ்அப்ல வந்துச்சிக்கா. அப்டியே அனுப்பிட்டேன்."

"அந்த ஜனத்த நானே காட்றேன். நாளைக்குச் சாயங்காலம் ஆறரை பஸ்ஸுக்கு எங்க ஊர்ல வந்து நில்லு."

பாவம், நல்ல மனிதர், வந்து நின்றார். சாப்பாட்டுப் பையும் கசங்கிய சீருடையுமாகப் பெண்கள் இறங்கினார்கள். விஷயத்தைக் கேட்டதும் கொதித்தார்கள். சூசைநாதனுக்கோ பழக்கதோஷம்: "ஆளுக்கொரு காலிக் கொடம் கெடச்சா போட்டோ நல்லா வரும்மா."

"சாராயக்கடைக்கு எதுக்கு சார் கொடம்? வாங்கி ரொப்பிக்கவா?" என்றாள் ஜெயப்பிரியா. கூட்டம் சிரித்ததில் அவர் காதுவரை சிவந்துபோனார்.

வைஜெயந்தி அவர் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்தார். எதிர்ப்புக் கூட்டத்தில் ஊழியர் முகம் தெரிந்தால் பட்டியலிலிருந்து பெயர் போய்விடும். அப்படியொரு சுற்றறிக்கையே இருக்கிறது. எல்லோரும் வரிசையில் நிற்க, பஸ்ஸிலிருந்து இறங்கியவர்களில் மஞ்சுளா மட்டும் நகரவில்லை.

"எங்க சூப்பர்வைசர் பாத்தா எனக்கு வேல போயிடும்க்கா. எங்கள நிக்க வச்சிட்டு நீ மட்டும் இன்னா பின்னால ஒளிஞ்சிக்கினு கீற?"

வைஜெயந்திக்கு வெட்கமாக இருந்தது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு போய், மஞ்சுளாவின் கையைப் பிடித்து வரிசைக்கு இழுத்துவந்து, அவள் பக்கத்திலேயே ஓரத்தில் நின்றார்.

வியாழக்கிழமை மூன்று பத்தி அகலத்துக்குப் படம் வந்தது. 'சாராயக்கடைக்குப் பெண்கள் எதிர்ப்பு.' அரசு எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ஓரமாத்தானக்கா நிக்கிற. கத்தரிய ஒரு இழுப்பு இழுத்தா நீ இல்ல. யாரு கேக்கப் போறாங்க?"

உண்மைதான், யாரும் கேட்கமாட்டார்கள். வைஜெயந்தி படத்தைச் சுற்றியிருந்த கறுப்புக் கோட்டுக்கு வெளியே, ஒரு நூல் இடம் விட்டு, நாலு பக்கமும் நிதானமாக வெட்டினார். ஒட்டி, பசை காயும்வரை ஊதினார். அன்று தாள்கட்டைப் பியூனிடம் தரவில்லை. தானே எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

ஆணையர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தை வெகுநேரம் பார்த்தார். "அன்னைக்கு வரவேற்பு, இன்னைக்கு எதிர்ப்பு! இவங்க நெஜமாவே அந்த ஊர்க்காரங்களா, இல்ல எங்கேருந்தாவது வேன்ல ஏத்திட்டு வந்தவங்களா?"

வைஜெயந்தி மேசையருகே குனிந்து, படத்தின் ஓரத்தில், தன் முகத்துக்கு நேர் கீழே ஆள்காட்டி விரலை ஊன்றினார்.